ஏழாம் கிரேனின் பதில்

கஸ்பார் வேலையை நிறுத்திவிட்டார் என்று மேலாளர் குமரகுரு மூச்சிரைக்க வந்து சொன்னபோது, எமல்டா அதே கஸ்பாரின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன சார் சொல்லுதிய? இந்தா, இங்கதான கெடக்காவ.”

அவள் கேட்டதில் தப்பில்லை. கணவர் அவள் கண்ணெதிரே, மூன்று வருஷமாகக் கிடக்கும் அதே கட்டிலில், தொண்டைக் குழாய் வழியாக மூச்சு விட்டபடி கிடந்தார். ஆனால் குமரகுரு பேசியது இந்த உடம்பைப் பற்றி அல்ல. துறைமுகத்தில் நிற்கிற ஏழாம் கிரேனைப் பற்றி.

“சரக்குப் பெட்டியப் பாதியில தூக்கி அந்தரத்துல நிறுத்தியிருக்காரு அக்கா. காலையில இருந்து அசைய மாட்டேங்குது. கீழ கப்பல் நிக்குது.”

சிப்பித்துறையில் அந்தக் கட்டடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் தொடர் உழைப்பு மையம். ஊர் வைத்த பெயர் கிடைக்கூடம். பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள், இனி எழ வழியில்லாமல் கிடையில் விழுந்துவிட்டவர்கள் எல்லோரும் அங்கே வரிசையாகக் கிடந்தார்கள். ஒவ்வொரு தலையிலிருந்தும் மயிரிழை போன்ற கம்பிகள் சுவருக்குள் போயின. சுவருக்கு அப்பால் அவர்கள் வேலை செய்தார்கள். தையல்காரியாக இருந்தவள் எங்கோ ஓர் ஆலையில் இயந்திரக் கைகளால் தைத்தாள். லாரி ஓட்டியவர் லாரி ஓட்டினார். உடம்பு போனாலும் கைப்பழக்கம் மூளையில் அழியாமல் இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் டாக்டர்கள். தூக்கத்தில் நடப்பவனைப் போலத்தான். அவர்களுக்கு எதுவும் தெரியாது, வலியும் இல்லை, அலுப்பும் இல்லை.

அந்தக் கூடத்தில் உடம்பு துடைத்து, புரட்டிப் போட்டு, துணி மாற்றுகிற வேலை எமல்டாவுக்கு. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழும்போது, அவளும் டாக்டர்கள் சொன்னதையேதான் சொல்லித் தேற்றுவாள். “அவியளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நிம்மதியாத் தூங்குதாவ.”

பங்களிப்புச் சட்டத்தின் மேல் அவளுக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. கடல் ஏறிவந்து பாதி ஊரை விழுங்கியபோது அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி வரிசையில் நின்றவள். அந்தக் கஞ்சியை யாரோ காய்ச்சினார்கள், அந்த அரிசியை யாரோ சுமந்து வந்தார்கள். எல்லோரும் கை கொடுத்ததால்தான் ஊர் மறுபடி எழுந்தது. சாப்பிடுகிற ஒவ்வொருவரும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது. கஸ்பார் கிரேன் ஏணியிலிருந்து விழுந்து உணர்வில்லாமல் கிடந்தபோதும் அதே சட்டம்தான் அவருக்குக் கட்டிலும் மருந்தும் கொடுத்தது. இல்லையென்றால் அந்த வாரமே புதைத்திருப்பார்கள். என் புருஷன் கிடையில் கிடந்தும் ஊருக்கு உழைக்கிறார் என்று அவள் கோயிலில் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

“மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும் சார்,” என்றாள், நகவெட்டியை மடக்கியபடி.

குமரகுரு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் டாக்டர் நஸ்ரின் வந்து நின்றாள். இளம் வயது, எப்போதும் சிரித்த முகத்தோடு வருகிறவள். இன்று எமல்டாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“எல்லாத்தையும் பாத்தாச்சு எமல்டாம்மா. கம்பி நல்லாருக்கு. கிரேன் நல்லாருக்கு. அவர் மூளையும் நல்லாருக்கு.”

“பின்ன?”

“முடியாம நிறுத்தலை. வேணும்னுதான் நிறுத்தியிருக்கார்.”

எமல்டாவுக்குச் சட்டென்று புரியவில்லை. “வேணும்னுன்னா... அவியளுக்கு நெனவு வந்துருச்சா?” என்று கேட்டபோது அவள் குரலில் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது.

நஸ்ரின் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “வந்துருச்சுன்னு சொல்ல முடியாது.”

“பெறகு?”

“போகவே இல்லைன்னு நினைக்கிறேன்.”

குமரகுரு, “டாக்டர்,” என்று அதட்டுகிற மாதிரி கூப்பிட்டார். அவள் கேட்கவில்லை.

“கடல் காத்துல பெட்டி ஆடும். கப்பல் ஏறி இறங்கும். அதைப் பாத்துப் பாத்து இறக்கணும்னா கவனம் வேணும். கவனிக்க ஒரு ஆள் உள்ள இருக்கணும். தூக்கத்துல யாராலயும் கிரேன் ஓட்ட முடியாதும்மா. எங்களுக்கு... எங்களுக்கும் அது தெரியாம இல்ல.”

எமல்டா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் கட்டில் கட்டிலாக அத்தனை முகங்கள். அவள் தினமும் துடைக்கிற முகங்கள். பிறகு கஸ்பாரைப் பார்த்தாள். அவருடைய பாதம் இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. சுடுகிற எதையோ தொட்டுவிட்டவள் போல அதை எடுத்து மெத்தையில் வைத்தாள்.

துறைமுகத்துக்குப் போகிற வண்டியில் குமரகுரு அவளுக்கு விளக்கினார். அவர் கெட்டவர் இல்லை. கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்றென்றால் தானே ஓடிவருகிற ஆள். அவருடைய அம்மா வடிவம்மாளும் கூடத்தில்தான் இருந்தாள், ஜன்னலோரக் கட்டிலில். முந்திரி ஆலையில் பருப்பு உடைத்தவள்; இப்போதும் அதைத்தான் செய்கிறாள்.

“முடியாதவங்களைச் சட்டம் தாங்கும் அக்கா. மாட்டேங்கிறவங்களைத் தாங்காது. அவர் ஓட்டலைன்னா கட்டிலை எடுத்துருவாங்க. நான் தடுக்க முடியாது.”

“கட்டில எடுத்தா?”

“குழாயையும் எடுத்துருவாங்க.”

எமல்டா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க பேசினா கேப்பாரு. கிரேன்ல மைக் இருக்கு, அவருக்குக் கேக்கும். அந்தக் கப்பல்ல மருந்து வந்திருக்கு. ஆஸ்பத்திரிங்க காத்துக்கிட்டிருக்கு. இவர் ஒருத்தர் கையில இத்தனை பேர் உயிர் இருக்கு, அதைச் சொல்லுங்க. அவருக்கும் ஒரு கடமை இருக்குல்ல?”

“இருக்கு சார்,” என்றாள் எமல்டா. அதில் அவளுக்கு அப்போதும் சந்தேகமில்லை.

கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஏழாம் கிரேன் நின்றது. அவள் இதுவரை அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கிட்டத்தில் அது ஒரு கோபுரம் மாதிரி இருந்தது. கடலுக்கு மேல் நீட்டிய அதன் இரும்புக் கையில் ஒரு சிவப்புப் பெட்டி தொங்கியது. காற்றடித்தும் அது ஆடாமல் நின்றதுதான் ஆச்சரியம். யாரோ அதை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். கைவிட்டுப் போட்டுவிடவில்லை.

மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

“ஏங்க,” என்றாள். “ஏங்க, நான் எமல்டா பேசுதேன். கேக்கா?”

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சிவப்புப் பெட்டி லேசாக, ஒரு முழம் அளவுக்குக் கீழே இறங்கி மறுபடி மேலே போனது. அறையில் இருந்த ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இந்தா பாருங்க. ஆமான்னா பெட்டிய ஊர்ப் பக்கம் நகத்துங்க. இல்லன்னா கடல் பக்கம். சரியா?”

பெட்டி ஊர்ப் பக்கம் நகர்ந்தது.

எமல்டா மேசையைப் பிடித்துக்கொண்டாள். என்ன கேட்பதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“நான் ஒங்களக் குளிப்பாட்டும்போது... அதெல்லாம் தெரியுமா ஒங்களுக்கு?”

ஊர்ப் பக்கம்.

“நாங்க பேசிக்கிடுதது?”

ஊர்ப் பக்கம்.

அவளுக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. முதுகில் புண் வந்து சீழ் வடிந்த சமயம். கஸ்பாரின் தலைமாட்டில் நின்றபடியே கூட வேலை பார்ப்பவளிடம், இப்படிக் கிடந்து நாறுவதற்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

“நான் அன்னைக்கு ஒண்ணு சொன்னேனே. அதயும் கேட்டியளா?”

ஊர்ப் பக்கம்.

“கோவமா என் மேல?”

கேட்டு முடிப்பதற்குள் பெட்டி கடல் பக்கம் விருட்டென்று போனது. அத்தனை பெரிய இரும்பு அவ்வளவு வேகமாக நகர்ந்ததில் கண்ணாடி அதிர்ந்தது. எமல்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமரகுரு அவள் தோளுக்குப் பின்னால் வந்து, “விஷயத்துக்கு வாங்க அக்கா,” என்றார்.

“வேலைய நிறுத்துனா என்ன ஆகும்னு தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றது பெட்டி. “தெரிஞ்சேதான் நிறுத்துனியளா?” ஆமாம்.

“எனக்காண்டி ஓட்டுங்க. நீங்க அங்க கெடந்தாலும் எனக்கு ஒரு ஆளு இருக்காவன்னு இருக்கு. நம்ம மவ ஜெனோவா மாசமா இருக்கா, தெரியும்லா? பிள்ளையத் தூக்கிட்டு வந்து ஒங்ககிட்டக் காட்டுவா. அதுக்காவது.”

பெட்டி நெடுநேரம் நின்றது. பிறகு கடல் பக்கம் நகர்ந்தது, மெதுவாக, மனமே இல்லாததைப் போல.

எமல்டாவுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. “மூணு வருசமா ஒங்களப் பொரட்டிப் பொரட்டி என் இடுப்பு போச்சு. பீ மூத்தரம் அள்ளுனேன். நான் ஒரு நாள் மாட்டேன்னு சொல்லிருப்பேனா? ஊருல எல்லாரும் பாடுபடுதாங்க, ஒங்களுக்கு மட்டும் என்ன?”

ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாத கேள்வி. பெட்டி அசையவில்லை. அவள் கோபமும் போன வழி தெரியாமல் போயிற்று. அந்த மனிதரிடம் பதில் சொல்ல இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன. அவற்றுக்குத் தகுந்த மாதிரி கேட்க வேண்டியது அவள் பொறுப்பு.

“வலிக்கா?”

ஊர்ப் பக்கம், கொஞ்சம்.

“வலிக்குன்னுதான் நிறுத்துனியளா?”

கடல் பக்கம்.

“அலுத்துப்போச்சா?” இல்லை. “கிரேன் ஓட்டப் புடிக்கலயா?” இல்லை என்றது, இன்னும் தூரம் கடல் பக்கம் போய். “கப்பல்ல மருந்து இருக்காம். தெரியுமா?” தெரியும்.

“பெறகு என்னதாங்க ஒங்களுக்கு?”

பெட்டி அசையாமல் தொங்கியது.

குமரகுரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எமல்டா கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு நன்றாக இருந்த காலத்துக் கஸ்பாரை நினைத்துப் பார்த்தாள். லீவு நாளிலும் துறைமுகத்திலிருந்து ஆள் வரும். ‘கஸ்பாரண்ணே, ஒரு கப்பல் மாட்டிக்கிட்டு, வாரியளா?’ என்று வாசலில் நின்று கேட்பார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை மட்டும், புதிதாக வந்த அதிகாரி யாரையோ அனுப்பி, கஸ்பாரைக் கூட்டி வா என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. ‘நான் என்ன அவன் வீட்டு வண்டியா, கூட்டிட்டுப் போறதுக்கு?’ என்று கேட்டுவிட்டு மறுசோறு போட்டுக்கொண்டார்.

அவள் மைக்கை நெருங்கினாள்.

“மூணு வருசத்துல ஒருத்தரும் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. அதானா?”

முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு பெட்டி ஊர்ப் பக்கம் நகரத் தொடங்கியது. கப்பலைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டி, கரைக்கு மேலே வந்து, அவர்கள் நின்ற கண்ணாடிச் சுவருக்கு எத்தனை கிட்டத்தில் வர முடியுமோ அத்தனை கிட்டத்தில் வந்து நின்றது.

குமரகுரு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“சரி,” என்றாள் எமல்டா. “மேனேஜர் சொல்லல. சட்டம் சொல்லல. நான் கேக்குதேன். இந்த ஒரு பெட்டிய எறக்கி வைக்க ஒங்களுக்கு இஷ்டமா? இல்லன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். செய்வியளா?”

பெட்டி இறங்கியது. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி, சத்தமே இல்லாமல், லாரியின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

“அடுத்தது?” என்று கேட்டாள். “செய்வியளா?”

அந்தக் கப்பல் முழுவதையும் கஸ்பார் அன்று மாலைக்குள் இறக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் எமல்டா கேட்டாள். யாரோ கொண்டுவந்து வைத்த சாப்பாட்டை அவள் தொடவில்லை. கேட்டுக் கேட்டுக் குரல் கம்மிப்போனது. ஆபரேட்டர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். இவ்வளவு வேகமும் இவ்வளவு நேர்த்தியும் ஏழாம் கிரேனில் இதுவரை கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். குமரகுருவின் முகம் தெளிந்துவிட்டது. கப்பலின் தளம் வெறுமையானபோது அவர் கை குவித்து அவளைக் கும்பிட்டார்.

“நாளைக்குக் காலையில ரெண்டு கப்பல் வருது. கேட்டுருங்க அக்கா.”

எமல்டாவுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் கேட்டாள். “ஏங்க. நாளைக்கு?”

அந்த இரும்புக் கையில் பெட்டியில்லாமல் தொங்கிய வெறும் கொக்கிச் சட்டம் கடல் பக்கம் போனது. போய்க்கொண்டே இருந்தது. கையின் தண்டவாளம் முடிகிற இடம் வரை போய், கடலுக்கு மேலே நின்றுவிட்டது.

“இன்னொரு தடவை கேளுங்க,” என்றார் குமரகுரு.

“கேட்டாச்சு சார். அவிய பதிலும் சொல்லியாச்சு.”

கட்டிலை எடுக்க ஒரு குழு கூடித் தீர்மானிக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் எமல்டா குமரகுருவின் அறைக்குத் திரும்பத் திரும்பப் போனாள். மாட்டேன் என்று சொன்னதாக வைக்க வேண்டாம், முடியவில்லை என்று வையுங்கள், அந்த ஒரு வார்த்தையை மாற்றினால் போதும் என்று கெஞ்சினாள்.

“மாத்தலாம்,” என்றார் அவர். “அவர் அன்னைக்கு அந்தக் கப்பலை எறக்காம இருந்திருந்தா மாத்தியிருக்கலாம். அத்தனை பேர் பாத்தாச்சு. முடியாதுன்னு எப்படிச் சொல்வேன்?”

நஸ்ரின் குழுவின் முன் போய் ஏதோ பேசியதாகவும், அதற்குப் பிறகு அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். அவள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு நூல் ஆலையில் பங்களிப்புச் செய்துகொண்டிருந்த ஜெனோவா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“நீ ஏம்மா இல்லன்னாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொன்ன?”

“கேட்டா அப்பிடித்தான பிள்ள கேக்கணும்.”

“கால்ல விழுந்து கெஞ்சிருக்கலாம்லா. அழுதிருக்கலாம்லா. அப்பா நீ அழுதா தாங்க மாட்டாங்கன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்,” என்றாள் எமல்டா. “அதான் அதுக்கு மேல அழல.”

ஜெனோவாவுக்கு அது புரியவில்லை. புரிந்தும் மன்னிக்க முடியாமல் போயிருக்கலாம். குழாயை எடுக்கும்போது அவள் கூடத்துக்குள் வர மறுத்துவிட்டாள்.

எமல்டா மட்டும் பக்கத்தில் இருந்தாள். முதலில் தலையிலிருந்த கம்பிகளைக் கழற்றினார்கள். அந்த நேரத்தில் துறைமுகத்தில் ஏழாம் கிரேன் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். அவள் கஸ்பாரின் காதருகே குனிந்து, “ஏங்க, பயமா இருக்கா?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவருக்கு இப்போது ஊர்ப் பக்கமும் இல்லை, கடல் பக்கமும் இல்லை என்பது உறைத்தது. அதன் பிறகு அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பேசிக்கொண்டு மட்டும் இருந்தாள். கல்யாணம் முடிந்து முதல்முதலாக மணப்பாட்டுக் கோயிலுக்குப் போன கதையை, வழியில் பஸ் நின்றுபோன கதையை, மூச்சு நிற்கிற வரைக்கும் சொன்னாள். நின்ற பிறகும் கதை முடிகிற வரைக்கும் சொன்னாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. துக்கத்துக்குச் சட்டம் கொடுக்கிற விடுப்பு அவ்வளவுதான். கஸ்பாரின் கட்டிலில் ஒரு இளைஞன் கிடந்தான். பைக்கிலிருந்து விழுந்தவன். அவன் முகத்தைத் தொடும் முன் “தம்பி, தொடைக்கப் போறேன்” என்று சொன்னாள். எல்லோரிடமும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள். பார்க்க வருகிறவர்களைத் தேற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம், கூடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், குமரகுரு அவளிடம் வந்தார்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? எங்க அம்மாவுக்கும்... அவங்களுக்கும் எல்லாம் தெரியுமா இருக்கும்?”

“அவியகிட்டயே கேளுங்க சார். ஆலைக்குப் போயி, நான் கேட்ட மாதிரி.”

“கேட்டு, அவங்க இனி மாட்டேன்னு சொல்லிட்டா?”

எமல்டா அவரைப் பார்த்தாள். வெயில் ஏறிய அவர் முகத்தில் சின்னப் பையனின் பயம் இருந்தது. அவளுக்கு அவர் மேல் இருந்த கசப்பு அந்த நிமிஷம் இல்லாமல் போனது. அவரோ அம்மாவின் கட்டில் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

அதற்கு அடுத்த மாதம் ஆட்கள் வந்து ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சின்ன ஒலிபெருக்கி பொருத்தினார்கள். பாட்டு வைப்பார்கள் என்று வேலை செய்கிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்குகிற மணி அடித்தது. ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாகப் பேசின.

“நான் கேக்குதேன். செய்வியளா?”

எமல்டாவின் குரல்.

கையிலிருந்த தண்ணீர்ப் பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. துறைமுகத்தில் அன்று அவள் பேசியது எல்லாம் பதிவாகியிருந்தது. அந்த ஒரே நாளில் கஸ்பார் இறக்கிய பெட்டிகளின் வேகத்தை மேலே யாரோ கவனித்திருந்தார்கள். கேட்டால் நன்றாக வேலை நடக்கிறது என்று கண்டுகொண்டார்கள். இஷ்டமா என்று கேட்டதையும் ‘இல்லன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்’ என்பதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். கேள்வி முடிந்ததும் ஒரு சின்ன மணியோசை. உடனே வேலை ஆரம்பம். இடையில் யாரும் பதில் சொல்ல ஒரு மூச்சளவு நேரமும் இல்லை.

“எல்லா ஊர்க் கூடத்துலயும் இன்னைக்கு இருந்து இதுதானாம்க்கா,” என்றாள் கூட வேலை பார்ப்பவள். “ஒங்க குரல் எவ்வளவு பாசமா இருக்கு.”

எமல்டா வரிசையின் கடைசி வரை நடந்து பார்த்தாள். ஜன்னலோரக் கட்டிலில் வடிவம்மாளின் தலைமாட்டில் ஒலிபெருக்கி இல்லை. பொருத்திய அடையாளமாக ஆணித் துளைகள் இருந்தன. யாரோ கழற்றச் சொல்லிக் கழற்றியிருந்தார்கள்.

அவள் அந்தக் கட்டிலின் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். பழிவாங்க நினைக்கிறோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்துக்கொண்டாள். இல்லை என்று நிச்சயமான பிறகு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கிழவியின் சுருங்கிய கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

“பெரியம்மா, நான் எமல்டா. தெனமும் ஒங்களத் தொடைக்கிறவ. ஒங்க மகன் ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனைக்காரு. அவருக்குப் பயமா இருக்கு. அதனால நான் கேக்குதேன். முந்தி கதையச் சொல்லிருதேன். முழுசாக் கேட்டுட்டு நீங்க முடிவெடுக்கணும்.”

கஸ்பாரைப் பற்றிச் சொன்னாள். அவர் நிறுத்தியதை, அதனால் என்ன ஆயிற்று என்பதை, குழாயை எடுத்ததை, ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். கூடம் முழுக்க மற்றக் கட்டில்களில் எல்லோரும் வேலையில் இருந்தார்கள்.

“ஆலையில பருப்பு ஒடைக்கீங்கள்லா, அது ஒங்களுக்கு இஷ்டமா? இஷ்டம்னா செய்யிங்க. நல்ல வேலதான் அது, நாலு பேரு திங்கத்தான செய்யுதாங்க. இல்லன்னா விட்ருங்க. ரெண்டுக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

பதில் எந்த ஊர் ஆலையில், எந்த இயந்திரக் கையில் தெரியவரும் என்பது அவளுக்குத் தெரியாது. அது அவளுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

“அவசரமில்ல பெரியம்மா,” என்றாள். “யோசிச்சுச் சொல்லுங்க.”

பிறகு எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள்.